இஞ்சின் ஆறுத நேரம்

இல்ல அண்ணாச்சி, அந்த போல்ட்ட இப்பமே கழத்தாதீக. ஒரு நிமிசம் இருங்க. வேண்டாம்னு சொல்லல. கழத்தத்தான ஜீப்பக் கொண்டாந்திருக்கேன். ஆனா பழைய இஞ்சின இறக்கிட்டா இறக்குனதுதான? நாளைக்கு வந்து பழசையே தூக்கி வைங்கன்னு நான் நிக்க, இந்தப் பொம்பளைக்கு வேற சோலி இல்லன்னு நீங்க நெனைக்க... சங்கிலி அது பாட்டுக்குத் தொங்கட்டும். நீங்க கையத் தொடச்சிட்டு இப்படி வாங்க.

ஆமா, அந்தா சாக்கு மேல வச்சிருக்கீகள்ல, அந்த இஞ்சின்தான். எம்மவன் அனுப்புனது. இசக்கிராஜா. ஓசூர்ல கம்பெனில இருக்கான். ஏதோ ஒரு லோடு வேனு பின்னால அடிபட்டு நொறுங்கிப் போச்சாம், முன்னால இஞ்சின் மட்டும் அடிபடாம அப்படியே இருந்துச்சாம். பேசி முடிச்சு லாரில ஏத்திவிட்டுட்டான். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஏத்தி விட்டப் பெறவு போன் போட்டுச் சொல்லுதான், எம்மா, சங்கரன்கோவில்ல வேதமுத்து அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிரு, அவுக மாட்டித் தந்தா யானையே எதுக்க வந்தாலும் வண்டி ஏறிப் போயிரும்னு. யானை எதுக்க வந்தா நான் எதுக்குல ஏறிப் போறேன், பின்னாலல்லா வருவேன்னேன். சிரிச்சான். அவுக அப்பா போனப் பெறவு அவன் சிரிச்சு நான் கேட்டதில்ல பாத்துக்கிடுங்க. அந்தச் சிரிப்புக்காகவே வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

கேக்குதா நான் பேசுதது? பக்கத்துல தறி ஓடுத ஓட்டத்துக்குக் கத்திப் பேச வேண்டியிருக்கு. நாளெல்லாம் இந்தச் சத்தத்துக்குள்ள நின்னுக்கிட்டு இஞ்சின்ல என்ன கோளாறுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கீகளோ.

சரி, கேளுங்க. நீங்க கேட்டாத்தான நான் சொல்ல முடியும்.

வண்டி எங்கன நின்னு போகுதுன்னா... எங்களுக்கு எலுமிச்சத் தோட்டம் அண்ணாச்சி. வாசுதேவநல்லூருக்கு மேக்க, மலையடில. தார் ரோடு முடிஞ்சு, மண் ரோடும் முடிஞ்சு, அதுக்கு அங்கிட்டு ரோடுன்னு சொல்லவே கூடாது, பூராம் உருளைக்கல்லு. நடுவுல ஒரு ஓடை குறுக்க போகுது. போகும்போது ஒண்ணும் இல்ல, சாஞ்சாப்ல எறங்கி சாஞ்சாப்ல ஏறிரும். காய் ஏத்திட்டு வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் இந்தப் பக்கத்துக் கரை செங்குத்தா இருக்கும். அந்த ஏத்தத்துல பாதி. ஒரு மருத மரம் வேரு துருத்திக்கிட்டு நிக்கும், அதுக்கு நேரா. அங்கனதான் நிக்கும்.

ஆமா, போர் வீல்லாம் போட்டுத்தான் ஏறுதேன். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஓட்டப் படிச்சது இந்த ஊர்லதான். நிர்மலாதேவின்னு ஒரு பிள்ள டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கு, தெரியுமா? அதுகிட்ட. சின்னக் காருலதான் சொல்லிக் குடுத்துச்சு. எக்கா, இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டுச்சு. ஜீப்பு ஓட்டணும்னேன். யாரு கூடப் போட்டிக்குன்னுச்சு. வாயாடி. ஆனா நல்லாச் சொல்லிக் குடுத்துச்சு. கிளட்ச்ச மெதுவா விடு, வண்டி உன்கிட்டப் பேசும், அதக் கேட்டுட்டு விடுன்னு சொல்லும்.

இல்ல, லோடு ரொம்ப இல்ல. மூட நெறைய ஏத்துதது இல்ல நான். புளியங்குடி மார்க்கெட்டுக்குக் கொண்டு போற அளவுதான். ரெண்டு ஆளு கூட இருந்தா இன்னும் ஏத்தலாம், நான் ஒத்தையாத்தான போறேன் வாரேன்.

பொகையா? பொகை... வந்தாப்ல தெரியல. வெள்ளையா கறுப்பான்னா நான் என்னத்தக் கண்டேன், பின்னால வாறத நான் எங்க பாக்க.

சரி, அது கெடக்கட்டும். நீங்க காலைல சொன்னீகள்ல, பெருசு மாட்டுனா முன் ஸ்பிரிங்கு அமுங்கும், பட்ட சேக்கணும், ரேடியேட்டரு இது பத்தாது, சட்டத்துல புதுசா இரும்பு வச்சு வெல்டு அடிக்கணும், ஆர்.சி. புக்குல இஞ்சின் நம்பர மாத்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்கணும்னு. அம்புட்டும் மவன்கிட்டச் சொன்னேன். நான் எல்லாத்துக்கும் லீவு போட்டுட்டு வந்து நடக்குதேன், நீ மட்டும் வேண்டாம்னு சொல்லிராதம்மாங்கான். பிரேக்கு பத்தாதுன்னும் சொன்னாகலன்னேன். பிரேக்கையும் மாத்துவோம்ங்கான். அப்ப ஜீப்புல மிச்சம் என்னல இருக்கும், சீட்டு மட்டுமான்னு கேட்டேன். அதுக்குச் சொல்லுதான், எம்மா, அந்த எடத்துல நீ ஒத்தையா நிக்கியேன்னு நெனச்சா எனக்கு இங்கன சோறு எறங்க மாட்டேங்கு.

அது அவுக அப்பா போன எடம் அண்ணாச்சி.

ஆமா. அதே ஏத்தந்தான். அந்த மருத மரந்தான்.

இல்லல்ல, வண்டி கவுறல. வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. உக்காருங்க, சொல்லுதேன். நீங்க நிக்க நிக்க எனக்குச் சொல்ல வரமாட்டேங்கு.

அவுக பேரு செல்லப்பா. அவுகளுக்கு இந்த வண்டின்னா உசுரு. வண்டின்னு சொன்னா இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் காரு, வேனு, பஸ்ஸு. ரோட்டுல எவன் கைகாட்டுனாலும் ஏத்திக்கிடுவாக. ஆட்ட ஏத்துவாக, ஆட்டுக்காரன ஏத்துவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள ஏத்துவாக. நான் எடது பக்கத்துச் சீட்டுல உக்காந்து எல்லாத்துக்கும் சேத்து ஏசிக்கிட்டே வருவேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் அந்தச் சீட்டுதான்.

அவுக பேச்சுல ஒரு பழக்கம் உண்டு. பாதில நிறுத்திருவாக. பூமாரி, அந்தக் கெணத்து மோட்டாரு, அப்படிம்பாக. அம்புட்டுத்தான். பல்லு வெளக்கப் போயிருவாக. நான் கரண்டியக் கைல பிடிச்சிக்கிட்டு நிப்பேன். வாயக் கொப்புளிச்சுட்டு வந்து, ரெண்டு நாளா ஒரு மாதிரி உறுமுதுன்னு முடிப்பாக. புதுசுல எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். ஏன்யா, ஒரே மூச்சுல சொல்லப்படாதான்னு கத்துவேன். பெறவு பழகிப் போச்சு. பாதி வந்தா மீதியும் வந்துரும்னு தெரிஞ்சு போச்சு. நாம காத்துக் கெடந்தாப் போதும்.

அன்னைக்குக் காலைல அவுகளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் தோட்டத்துக்குப் போனோம். காய் பறிச்சுக் குமிச்சாச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு, நெஞ்சக் கரிக்குதுன்னாக. உறப்பு கூடிப் போச்சோன்னு நெனச்சு எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு குடுத்தேன். குடிச்சாக. வேர்வை நிக்கல. சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு. காய மூடைல அள்ளப் போனேன். விடு பூமாரி, போவோம்னாக. காய விட்டுட்டு வாற மனுசனே இல்ல அவுக.

எனக்கு அப்ப ஓட்டத் தெரியாது. அவுகதான் ஓட்டுனாக. ஓடைல எறங்கி, இந்தப் பக்கம் ஏறும்போது, அந்த வேருக்கு நேரா வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிட்டு அணைஞ்சு போச்சு. திருப்பிப் போட்டாக. எடுக்கல. அன்னைக்குக் காத்தாலயே அது அப்படித்தான் மக்கர் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. நான் குதிச்சு எறங்கி பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சேன். போன எடுத்துப் பாத்தா கோடே இல்ல. அங்கன எப்பவும் டவர் கெடைக்காது. ஓடிப் போயி ஆரையாச்சும் கூட்டியாறேன்னு சொன்னேன். அவுக கையப் பிடிச்சுக்கிட்டாக. போகாத. சூடாயிருச்சு, கொஞ்சம் ஆறட்டும். ஆறுனா எடுத்துரும். வந்து உக்காரு.

நான் போயி என் எடத்துல உக்காந்தேன்.

நல்லாத்தான் பேசுனாக அண்ணாச்சி. எம்மவன் ராசாவுக்கு அந்த வருசமே பொண்ணு பாக்கணும்னாக. ஓடைல ஒரு மீங்கொத்தி இருந்துச்சு, அதக் காட்டுனாக. நெஞ்சு எப்படி இருக்குன்னு கேட்டேன், இப்பம் தேவலைன்னாக. இஞ்சின் ஆறும்போது அடில இருந்து ஒரு சத்தம் வரும்லா? டிக்கு, டிக்குன்னு. சைலன்சரா, என்ன எழவோ. அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அவுக ஸ்டியரிங்கு மேல ரெண்டு கையையும் வச்சு, கை மேல தாடைய வச்சுக்கிட்டாக. வச்சுக்கிட்டு, பூமாரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் பாரு, அந்த... அப்படின்னாக.

நிறுத்திட்டாக.

நான் காத்துக்கிட்டு இருந்தேன். எப்பவும் காத்துக்கிட்டு இருப்பேன்லா, அப்படித்தான். மீங்கொத்தி பறந்து போயி திரும்பி வந்து அதே கல்லுல உக்காந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு இருக்கேன். அவுக பக்கம் திரும்பவே இல்ல. திரும்பிப் பாத்து என்னங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு விட்டுருவாக, அதான் கேக்கல. டிக்கு டிக்குன்னு வந்த சத்தம் விட்டு விட்டு வந்துச்சு. பெறவு அதுவும் நின்னு போச்சு. அப்பமும் நான் பேசாமத்தான் இருக்கேன்.

ரிஸ்வான் அகமதுதான் வந்தாரு. எங்களுக்கு அடுத்த தோட்டத்தக் குத்தகைக்கு எடுத்திருக்காரு, புளியங்குடிக்காரரு, என்னைய அக்காம்பாரு. பைக்க நிறுத்திட்டு, என்னண்ணே வண்டி மக்கரான்னு சிரிச்சிக்கிட்டே கிட்ட வந்தாரு. வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. அவரு மொகத்தப் பாத்துத்தான் நான் இந்தப் பக்கம் திரும்புனேன்.

வேண்டாம் அண்ணாச்சி, தண்ணிலாம் வேண்டாம். அழுகைலாம் வராது எனக்கு.

டாக்டரு, பெரிய அடைப்பு, நேரா ஆசுபத்திரி வாசல்ல வந்திருந்தாலும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. ஆனா ஊரு பேசாம இருக்குமா? அந்த ஏத்தம் மட்டும் ஏறியிருந்தா பொழச்சிருப்பான், ஒண்ணுக்கும் ஆகாத இஞ்சின வச்சிக்கிட்டு மலைக்குப் போயிருக்கான், அந்த இஞ்சின்தான் கொன்னுச்சு. காரியத்துக்கு வந்தவன் போனவன் பூராம் இதே பேச்சு. எம்மவன் ராத்திரி பகலா அதையே கேட்டுக்கிட்டு இருந்தான். ஒரு நாள் எந்திரிச்சுப் போயி வண்டி முன் பம்பர எத்து எத்துன்னு எத்துனான். காலு வீங்கிப் போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுருவோம்மான்னான். நான் விடல. தோட்டத்துக்கு எதுல போகன்னு கேட்டேன். ஆளப் போட்டுப் பாத்துக்கிடலாம்ங்கான். நான் ஓட்டப் போறேன்னேன். என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். அப்ப இஞ்சினயாச்சும் பெருசா மாத்திருவோம்னு அன்னைக்கு ஆரம்பிச்சான்.

இப்பம் வரைக்கும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கிட்டே வந்தேன். போன மாசந்தான் ரிஸ்வான் காரியத்தக் கெடுத்துட்டாரு. நல்ல மனுசன், நல்லதுக்குத்தான் சொல்லியிருக்காரு. தோட்டத்துல இருந்து திரும்பிக்கிட்டு இருந்திருக்காரு. மருத மரத்துக்கு நேரா எங்க வண்டி நிக்குது. டிரைவர் சீட்டுல ஆளு இல்ல. நான் எடது பக்கத்துச் சீட்டுல உக்காந்து ஓடையப் பாத்துக்கிட்டு இருக்கேன். பாவம், அவுக போன அன்னைக்குப் பாத்ததையே திருப்பிப் பாக்கேனோன்னு நெனச்சுட்டாராம். எக்கா எக்கான்னு தூரத்துல நின்னே கூப்பிடுதாரு. என்ன தம்பின்னேன். வண்டி நின்னுருச்சாக்கான்னாரு. ஆமா நின்னுருச்சு, ஆறட்டும்னு உக்காந்திருக்கேன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? அன்னைக்குச் சாயங்காலமே அவரு ஓசூருக்குப் போனப் போட்டுட்டாரு. தம்பி, அம்மா வண்டி அதே எடத்துல நின்னு போகுது, எனக்கு மனசு சரியில்லன்னு. ராசா அழுதுருக்கான். அடுத்த வாரம் இஞ்சின் லாரில வந்து எறங்கிருச்சு.

என்ன?

டீசல் பம்பா? ஆமா, வேல பாத்ததுதான். புளியங்குடில சுடலைமணின்னு ஒருத்தரு. நான் ஓட்டப் படிச்ச கையோட அவருகிட்ட விட்டேன். பம்பு, நாசிலு எல்லாம் பிரிச்சு மாட்டிக் குடுத்தாரு. நல்லாப் பாத்திருக்காருங்கீகளா? ம். நல்லாப் பாப்பாரு.

ஓகோ. காலைல நீங்களே ஓட்டிப் பாத்தீகளா? எங்கன, அந்தக் கல்லு ஒடைக்கிற எடத்துப் பள்ளத்துலயா? அம்புட்டு ஏத்தத்துலயா? லோடு வச்சா? சரி.

திணறலயாக்கும். சூடும் ஏறல.

ம்.

நீங்க என் மொகத்தப் பாத்துக்கிட்டு அப்படி நிக்காதீக அண்ணாச்சி. உங்க தொழிலு உங்களுக்குத் தெரியாதா? உங்ககிட்ட மறைக்கணும்னு நான் வரல. மொதல்லயே சொல்லியிருப்பேன், எப்படிச் சொல்லன்னுதான் வாய் வரல.

நிக்காது. சுடலைமணி பாத்துக் குடுத்தப் பெறவு ஒரு நாளும் அது அங்கன நிக்கல. மொத நாளு ஒத்தையா ஓட்டிட்டு வந்தப்ப, ஓடைல எறங்கி, நின்னுரும் நின்னுரும்னே ஏறுதேன். அது என்னடான்னா, சொன்ன பேச்சுக் கேக்குற மாடு மாதிரி மடமடன்னு ஏறுது. மரத்துக்கு நேரா வந்துட்டு. வேரத் தாண்டப் போகுது. அப்ப எனக்கு மனசுல ஒண்ணு பட்டுச்சு பாருங்க. அவுக பாதில விட்டுட்டு இருக்காக, நான் பாட்டுக்குக் கடந்து போறேனேன்னு. டீசல் வண்டியில்லா, இஞ்சின நிறுத்த அந்தக் கம்பிய இழுக்கணுமே, ஸ்டாப்பரு. இழுத்துட்டேன். ஹேண்ட் பிரேக்கப் போட்டு, எறங்கிக் கல்லு வச்சு, சுத்தி வந்து என் எடத்துல உக்காந்தேன்.

அன்னைல இருந்து எப்பப் போனாலும் இழுக்கத்தான் செய்யுதேன்.

இல்ல, பேசுதாகன்னு சொல்ல மாட்டேன். எனக்குக் கிறுக்குப் பிடிக்கல. ஆனா அந்த டிக்கு டிக்கு கேக்குத வரைக்கும், அந்தப் பக்கத்துச் சீட்டு காலியா இருக்காப்ல தெரியாது. ஸ்பிரிங்கு அமுங்கித்தான் இருக்கும். நான் திரும்ப மாட்டேன். ஓடையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அந்த... அப்படின்னு நிறுத்துனாகள்ல, அதுக்கு அடுத்தாப்ல வாற வார்த்தைக்கு வாயத் தொறக்குறாப்ல இருக்கும். ஒரு நாளு மூச்ச இழுத்து விட்டாக, கேட்டேன். சொல்லப் போறாகன்னு இருக்கும்போதே இரும்பு ஆறிப் போவும். அம்புட்டுத்தான். பெறவு வெறுஞ் சீட்டுதான். எந்திரிச்சு, அந்தப் பக்கம் போயி, ஸ்டார்ட் பண்ணி வீட்டுக்கு வந்துருவேன். எப்பமும் அந்தக் கொஞ்ச நேரந்தான் பத்த மாட்டேங்கு.

மவன்கிட்டச் சொல்லலாம்தான். சொன்னா என்னைய ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான். போயிட்டா அந்த எடத்துல யாரு உக்காருவா? அவனுக்குப் பெரிய இஞ்சின் மாட்டியாச்சுன்னு நெஞ்சு ஆறணும். ஆறட்டும். அவன் மேல ஒரு குத்தமும் இல்ல.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் காலைல இருந்து உங்களச் சுத்திச் சுத்தி வாரேன். அந்தப் பெருசுல இரும்பு இத விடக் கூடத்தான? அப்ப ஆறுததுக்கும் கூடத்தான நேரம் ஆகும்?

நெசமாவா? அம்புட்டு நேரமா?

அப்பக் கழத்துங்க.